ஊசி மலையேறிய கதை

இலங்கை அரசாங்கம் ஒரு காலத்தில் ஓர் உயிரியல் ஆபத்தைப் பிடித்து, முகாமில் அடைத்து, துணிமணியை ஆவியில் அவித்து, கையில் அம்மை குத்தி, கழுத்தில் தகரம் மாட்டி, ரயிலேற்றி இந்த மலைக்கு அனுப்பிவைத்தது. அந்த ஆபத்தின் பெயர் ராமசாமி, தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டக் கூலி. சொந்தப் பெயர் கருப்பன், மூக்கன், பெருமாள் என்று எதுவாகவும் இருந்திருக்கலாம். துரைமார் எல்லாரையும் ராமசாமி என்றே கூப்பிட்டார்கள். ஒரே பெயரென்றால் ஏசுவதற்குச் சுலபம். நோட்டன் பிரிட்ஜ் கடைவீதியில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் பூட்டன்.

கொள்ளை நோயிலிருந்து உலகத்தைக் காக்க மனிதன் ஊசி கண்டுபிடித்த வரலாற்றைப் பாடப்புத்தகங்கள் பயபக்தியோடு எழுதிவைத்திருக்கின்றன. இது பயமும் பக்தியும் குறைந்த பதிப்பு. இதில் மாடு வரும், போலிச் சுலோகம் வரும், நெய் வரும், ஆட்டு மூளையும் வரும். துரைமாரும் நிறைய வருவார்கள், அவர்களைத் தவிர்க்க முடியாது.

முதலில் கம்பளிக் கதை. ஆண்டு 1763. வட அமெரிக்காவில் இன்று பிட்ஸ்பர்க் நகரம் இருக்கும் இடத்தில் பிட் கோட்டை. வெளியே பூர்வகுடிகள் முற்றுகை, உள்ளே ஆஸ்பத்திரியில் பெரியம்மை. பேச்சுவார்த்தைக்கு வந்த டெலவேர் குலத்தார் இருவருக்குக் கோட்டைக்காரர்கள் இரண்டு கம்பளியும் ஒரு பட்டுக் கைக்குட்டையும் கொடுத்து மரியாதை செய்தார்கள். எல்லாம் அம்மை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்த சரக்கு. வில்லியம் ட்ரெண்ட் என்ற வியாபாரி, இதற்கு நல்ல பலன் கிடைக்கும் என்ற தன் நம்பிக்கையை டயரியில் எழுதிவைத்தார். அவருடைய கம்பனி அந்தக் கம்பளிக்கும் கைக்குட்டைக்கும் பில் போட்டு அரசாங்கத்திடம் காசும் கேட்டது. தளபதி ஆம்ஹர்ஸ்ட்டுக்கும் இதே யோசனை தனியாக உதித்து, இப்படிச் செய்தால் என்ன என்று கடிதம் எழுதினார். பெரிய மூளைகள் ஒரே மாதிரித்தான் வேலை செய்யும்.

நம் துரைமார் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை. அவர்களும் கம்பளி கொடுத்தார்கள். நோயில்லாத கம்பளி. விலையை மட்டும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

அம்மையை எதிரிக்கு அன்பளிப்பாகக் கொடுத்த அதே வெள்ளைக்காரனுக்குச் சொந்த ஊரில் அது தீராத தலைவலி. அதற்கு மருந்து மாட்டுத் தொழுவத்தில் கிடைத்தது. பால் கறக்கும் பெண்களுக்குப் பசு அம்மை வந்து போனால் பெரியம்மை அண்டுவதில்லை என்பது நாட்டுப்புறத்தில் பலருக்கும் தெரிந்த சேதி. எட்வர்ட் ஜென்னர் என்ற வைத்தியர் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். 1796 மே 14ஆம் தேதி சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரியின் கைக் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து ஒரு பையனின் கையில் கீறி வைத்தார். சில வாரம் கழித்து நிஜப் பெரியம்மையையே அவன் உடம்பில் ஏற்றிப் பார்த்தார். பையன் பிழைத்தான். எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸ், ஜென்னரின் தோட்டக்காரர் மகன். இப்படிப்பட்ட சோதனைக்குப் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளை எப்போதும் ஊரில் இருக்காது, மாமா வீட்டுக்குப் போயிருக்கும். சீழுக்கு மூலமான பசுவின் பெயர் பிளாசம். மாட்டின் பெயர்கூட வரலாற்றில் நிற்கிறது, எங்கள் ஆட்களின் பெயர்தான் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் ஒழுங்காக ஏறவில்லை.

லண்டன்வாசிகள் இந்த ஊசியை ஆரத்தி எடுத்து வரவேற்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டுச் சீழ் ஏறினால் கொம்பு முளைக்கும் என்று பயந்தார்கள். 1802இல் ஜேம்ஸ் கில்ரே போட்ட கேலிச்சித்திரத்தில், ஊசி குத்திக்கொண்டவர்களின் மூக்கிலும் கையிலும் இன்னும் சொல்லக்கூடாத இடங்களிலும் குட்டி மாடுகள் எட்டிப்பார்க்கின்றன. தோட்டத்துச் சனங்கள் மூடநம்பிக்கையால் ஊசிக்கு ஒளிந்தார்கள் என்று அறிக்கை எழுதிய துரைமாரின் தாத்தா பாட்டிமார் அந்தப் படத்தில்தான் இருந்தார்கள்.

அடுத்த சிக்கல், மருந்தைக் கப்பலேற்றுவது. குளிர்ப்பெட்டி கிடையாது. கண்ணாடிக்குள் வைத்த சீழ் வெயிலில் செத்துவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஒரு பிள்ளைக்குக் குத்துவது, எட்டொன்பது நாளில் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துவது, அதிலிருந்து அடுத்த பிள்ளைக்கு. ஸ்பெயின் அரசர் 1803இல் பால்மிஸ் என்ற வைத்தியரோடு 22 அநாதைப் பையன்களைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார். கப்பலில் அவர்கள் பயணிகளா சரக்கா என்று கேட்டால், இரண்டும்தான்.

நம் பக்கத்துக்கு மருந்து பக்தாத், பஸ்ரா வழியாகக் கை மாறி மாறி வந்தது. உண்மையிலேயே கைதான். 1802 ஜூன் 14ஆம் தேதி பம்பாயில் ஆனா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில் அது முதன்முதலாகப் பலித்தது. அவள் கைக் கொப்புளத்திலிருந்து வேறு பிள்ளைகளுக்கு, அவர்களிடமிருந்து தெற்கே சென்னைக்கு, அதே ஆண்டில் கடல் தாண்டி இலங்கைக்கு. அந்தப் பிள்ளை நல்ல சமர்த்து என்று குறித்துவைத்த வைத்தியர்கள், அவள் வளர்ந்து என்ன ஆனாள் என்று குறிக்க மறந்துவிட்டார்கள். இலங்கையில் இந்த வேலையை முன்னின்று நடத்திய தாமஸ் கிறிஸ்டி, பெரியம்மை இந்தத் தீவைப் படுத்திய பாட்டை 1811இல் புத்தகமாகவே போட்டார். ஊசி வந்த பெருமை அவரவர் புத்தகத்தில் அவரவருக்கு. அதைச் சுமந்து வந்த குளிர்ப்பெட்டி, வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் புஜம்.

மருந்து வந்துவிட்டது, வாங்கிக்கொள்ள ஆள் வரவேண்டுமே. பிராமணர்கள் கையை நீட்ட மாட்டேன் என்றார்கள். இங்கேதான் நம் எல்லிஸ் துரை மேடையேறுகிறார். திருக்குறளை மொழிபெயர்த்தவர், வள்ளுவர் உருவத்தைப் பொற்காசில் பொறித்தவர், தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே சொன்னவர். தமிழன் அவருக்கு எத்தனை சிலை வைத்தாலும் தகும். அவர் இன்னொரு காரியமும் செய்தார். பசு அம்மையைப் புகழ்ந்து சமஸ்கிருதத்தில் ஒரு சுலோகம் கட்டி, பழைய தாளில் எழுதவைத்து, ஏதோ பழஞ்சுவடியில் கண்டெடுத்ததாகக் கதை விட ஏற்பாடாயிற்று. கோமாதா தந்த மருந்து என்று சாஸ்திரமே சொன்னால் சாஸ்திரிகள் மறுப்பார்களா? 1819இல் மெட்ராஸ் கூரியர் பத்திரிகையிலும், பசு அம்மை குத்தும் முறையைத் தன்வந்திரியே அருளியிருக்கிறார் என்று ஒரு சேதி வெளியானது. பிராமணர்கள் எத்தனை பேர் நம்பினார்களோ, ஐரோப்பாவில் நிறையப் பேர் நம்பினார்கள். ஜென்னருக்கு முன்பே இந்தியாவில் தடுப்பூசி இருந்தது என்று பெரிய வைத்தியப் புத்தகங்களில் அது ஏறிவிட்டது. இன்று வாட்ஸ்அப்பில் நம் முன்னோர் ஒன்றும் முட்டாள்கள் இல்லை என்று பெருமையோடு வரும் அந்தச் செய்திக்கு ஒரு பழைய இங்கிலீஷ்காரன் எங்கேயோ சிரித்துக்கொண்டிருப்பான்.

எல்லிஸ் அதே 1819இல் ராமநாதபுரத்தில், மருந்தென்று நினைத்து விஷத்தைக் குடித்து இறந்துபோனார். அந்தச் சீமையிலிருந்துதான் கொஞ்ச காலத்தில் எங்கள் ஆட்கள் மூட்டை கட்டினார்கள்.

ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வந்து, கண்டிச் சீமையில் தேங்காயும் மாசியும் மரத்துக்கடியில் கிடக்கும் என்று அளந்துவிட்டு அழைத்துவந்த கதை எல்லாருக்கும் தெரியும். கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடை. குடிக்கக் குட்டைத் தண்ணீர், தின்ன எதுவுமில்லை. பேதியும் அம்மையும் காய்ச்சலும் கூடவே நடந்தன. வழியில் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே. பிழைத்து வந்தவர்களைப் பார்த்துக் கொழும்பில் இருந்தவர்கள் சொன்னார்கள்: கூலிகள் நோயைக் கொண்டுவருகிறார்கள்! பாதைக்குச் சத்திரமும் கிணறும் போட்டால் நோய் குறையும் என்பதைப் புரிந்துகொள்ள அரசாங்கத்துக்குப் பல ஆண்டு பிடித்தது. கூலி ஆபத்தானவன் என்பது மட்டும் உடனே புரிந்தது.

துரைமாரை உண்மையிலேயே கதிகலங்க வைத்த கிருமி வேறு. 1869இல் கோப்பி இலையில் மஞ்சள் புள்ளி தெரிந்தது. விஞ்ஞானப் பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். நாக்கில் நுழையாத துரைமார் அதை நாசகார எமிலி என்று ஒரு பெண்பிள்ளையாக்கிக்கொண்டார்கள். எமிலியை ஆராய 1880இல் கேம்பிரிட்ஜ் படித்த மார்ஷல் வார்டு கப்பலேறி வந்தார். நுண்ணோக்காடி வைத்து இரண்டு வருடம் பார்த்து, எமிலி எப்படிக் காற்றில் பரவுகிறாள் என்று விளக்கினார். விளக்கம் வந்தது, மருந்து வரவில்லை. டிக்கோயா, மஸ்கெலியா, அம்பகமுவ எங்கும் கோப்பி செத்து, தேயிலை வந்தது. கோப்பிச்செடிக்குக் கேம்பிரிட்ஜ் பண்டிதர் வருவதற்குச் சில வருடம் முன்பு கூலிக்கு வந்தது 1872ஆம் ஆண்டு தோட்ட மருத்துவத் தேவைச் சட்டம். செடிக்கு விஞ்ஞானம், ஆளுக்குச் சட்டம். அந்தச் சட்டத்துக்கான வரியையும் துரைமார் முனகிக்கொண்டேதான் கட்டினார்கள். 1886இல் அம்மை குத்துவது கட்டாயமென்று இன்னொரு சட்டம் வந்தது.

இந்த இடத்தில் நம்மைப் போலவே ஊர் ஊராகச் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட ஒரு மனிதர் வருகிறார். வால்டமர் ஹாஃப்கின், ஒடெசாக்காரர். ரஷ்யாவில் யூதன் என்று சந்தேகம், இந்தியாவில் ரஷ்யன் என்று சந்தேகம். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் நூலகராக வேலைக்குச் சேர்ந்து, காலராவுக்கு ஊசி செய்து, 1892 ஜூலையில் முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். தோட்டக்காரர் மகனைத் தேடாதவர் என்பதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. பிறகு கல்கத்தா, அங்கிருந்து அசாம் தேயிலைத் தோட்டங்கள். அங்கேயும் எங்களைப் போன்ற கூலிகள், எங்களுடையது போன்ற லயங்கள், எங்களுடையது போன்ற பேதி.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. அரசாங்கம் ஹாஃப்கினுக்குப் பெரிய மனசு பண்ணி ஓர் அறையும் ஒரு கிளார்க்கும் மூன்று பியூன்களும் கொடுத்தது. அவர் இறைச்சிச் சாற்றில் நெய் மிதக்கவிட்டு, நெய்த்துளியைப் பிடித்துக்கொண்டு பிளேக் கிருமி விழுதுவிட்டு வளரச் செய்து, அதைச் சூடாக்கிக் கொன்று ஊசியாக்கினார். உலகத்தின் முதல் பிளேக் ஊசியில் நம் நாட்டு நெய் இருக்கிறது; எல்லிஸ் துரை உயிரோடு இருந்திருந்தால் இதற்கும் ஒரு சுலோகம் கட்டியிருப்பார். 1897 ஜனவரி 10ஆம் தேதி ஹாஃப்கின் மறுபடியும் தன் உடம்பிலேயே குத்திக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறைக் கைதிகளுக்கு.

1902 அக்டோபரில் பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் ஒரே போத்தலிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் ஏற்புவலி வந்து செத்தார்கள். போத்தலைத் திறந்த இடத்தில் உதவியாளின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்திருந்தது, சரியாகச் சுத்தம் செய்யாமல் மறுபடி எடுத்திருந்தார்கள். இடுக்கியை விட்டுவிட்டு ஹாஃப்கினின் வேலையைப் பிடுங்கினார்கள். மலேரியாப் புகழ் ரொனால்ட் ராஸ் போன்றவர்கள் பத்திரிகையில் சண்டை போட்டு, 1907இல்தான் அவர் குற்றமற்றவர் என்று ஒப்புக்கொண்டார்கள். கூலிகளைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் கணக்குப் பிழைத்தால் கொழுந்து பறித்தவள் தலையில் விழும் என்பது எங்களுக்குத் தெரியும். பரிசோதனைக்கூடத்திலும் அப்படித்தான் என்பது ஆறுதல்.

அந்தப் பிளேக் பயத்தில் 1897இல் இந்தியாவிலும் இலங்கையிலும் தொற்றுநோய்ச் சட்டங்கள் பிறந்தன. இலங்கைக்குப் போகும் கூலிகளை அடைத்துவைக்க முதலில் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையில் முகாம், பிறகு மண்டபத்தில். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. அதே வருடம் கொழும்பில் பிளேக் தலைகாட்டியது. மண்டபம் முகாம் இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய கடை. அங்கே நாள்கணக்கில் அடைத்து, குளிப்பாட்டி, அம்மை குத்தி, காய்ச்சல் பார்த்து அனுப்பினார்கள். கிருமிக்கு டிக்கெட்டின் வகுப்பு தெரியாது, முகாமுக்கு நன்றாகத் தெரியும். கழுத்தில் மாட்டிய தகரத்தில் ஆளின் பெயர் இருக்காது, தோட்டத்தின் நம்பர் இருக்கும். வழிச்செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதுதானே முக்கியம்.

அந்த முகாமில் கையை நீட்டிய எங்கள் பூட்டிமார் என்ன நினைத்தார்கள்? அறிக்கைகளில் அவர்கள் அறியாமையில் ஒளிந்தவர்கள். நிஜத்தில் அவர்கள் இரண்டு பக்கமும் காப்புறுதி கட்டிய கெட்டிக்காரிகள். ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மனைக் குடிவைத்தார்கள். வாசலில் வேப்பிலை, புஜத்தில் அம்மைத் தழும்பு. ஆத்தாவைப் பகைத்துக்கொள்ளவுமில்லை, டாக்டரையாவைப் பகைத்துக்கொள்ளவுமில்லை. ஊசியால் பிழைத்த பிள்ளைக்கு ஆத்தாவுக்குத் தீச்சட்டி எடுத்தார்கள். இரண்டு துறைகளுக்கும் பெயர் கிடைத்தது, பிள்ளையும் கிடைத்தது.

பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். எங்கள் ஆட்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா திருப்பி எடுக்க வேண்டும் என்று, அவர்களைக் கேட்காமலே, கையெழுத்தானது. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி, மறுபடியும் மண்டபம். நிறையப் பேர் நீலகிரியில் தேயிலை பறிக்கப் போனார்கள். மலை மாறியது, கொழுந்து மாறவில்லை. அங்கே குன்னூரில் 1907இலிருந்து பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. அமெரிக்கக் கோடீசுவரர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடை அதற்கு உதவியது. ஒரு ஃபிப்ஸ் கையைக் கொடுத்தான், ஒரு ஃபிப்ஸ் காசைக் கொடுத்தார்; எந்த ஃபிப்ஸுக்கு வலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவோமே, அந்த ஆட்டு மூளை மருந்து அங்கே பல பத்தாண்டுகள் தயாரானது. நாயைவிட ஊசிக்குப் பயந்து கடியை மறைத்தவர்கள் கடலுக்கு இரு கரையிலும் உண்டு.

இங்கே நோட்டனில் 1950இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணையிலிருந்து லக்சபானைக்குத் தண்ணீர் போய் மின்சாரம் பிறந்தது. கொழும்பு ஆஸ்பத்திரிகளில் ஊசி மருந்து குளிர்ச்சியாக இருந்தது. தண்ணீர் போன வழியில் இருந்த லயங்களில் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான். ஆனா டஸ்தாலின் புஜத்துக்குப் பிறகு குளிர்ப்பெட்டிக்கு எங்கள் பங்களிப்பு இது.

1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. மாரியம்மனுக்கு அந்த வேலை போனாலும் தேரும் தீமிதியும் தடையின்றி நடக்கின்றன, பென்ஷன் என்றால் அதுதான் பென்ஷன். பெரியம்மைக்கோ உலகத்தில் இரண்டே காம்பரா மிச்சம்: ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டாவில், மற்றது சைபீரியாவின் கொல்ட்சோவோவில். இரண்டு வல்லரசும் மற்றவன் எடுத்து வீசிவிடுவானோ என்று பயந்து பத்திரமாக வைத்திருக்கின்றன. பயத்தில் புதுப்புது அம்மை ஊசிகளையும் செய்து கிடங்கில் அடுக்குகின்றன. பிட் கோட்டையின் கம்பளியை இன்னும் யாரும் எரிக்கவில்லை. நம் நாட்டிலோ உள்நாட்டுச் சண்டைக்கு நடுவே, போலியோ சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்த நாட்கள் உண்டு. 1993க்குப் பிறகு இங்கே போலியோ இல்லை.

2020இல் கொரோனா வந்தது. அலமாரியிலிருந்து 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள், நாட்டுக்கே ஊரடங்கும் போட்டார்கள். ஒரு விலக்கு: தோட்டத் தொழிலாளர்கள் மலைக்குப் போகலாம், கொழுந்து பறிக்கலாம். மண்டபத்தில் ஆபத்தான பொருளாக இருந்த ராமசாமியின் பேத்தி, நூறு வருடத்தில் அத்தியாவசியப் பொருளாகப் பதவி உயர்ந்துவிட்டாள்.

விஞ்ஞானிகள் உலகம் முழுக்க ராப்பகலாக உழைத்து ஒரு வருடத்துக்குள் தடுப்பூசி கண்டுபிடித்தார்கள். 2021 ஜனவரி 28ஆம் தேதி புனேயில் தயாரான முதல் ஐந்து லட்சம் ஊசி கொழும்பில் இறங்கியது. தோட்டத் தொழிலாளர் 2015இலேயே கேட்கத் தொடங்கிய ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் அதற்குப் பிறகு, மார்ச் மாதம்தான் வர்த்தமானியில் வந்தது. வந்த உடனே கம்பனிகள் கோர்ட்டுக்கு ஓடின. அவ்வளவு வேகமான எதிர்ப்புச் சக்தியை எந்த ஊசியும் இதுவரை கொடுத்ததில்லை.